நாந்தியில் கொஞ்சம் சாமான்

மார்டின்டார், நாந்தி
4-3-1984

அன்புள்ள மாமாவுக்கு உர்மிளா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் குழந்தை மோகினியும் நலம். அவரும் நலம். நீங்களும் ஜான்கி அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்?

மோகினிக்கு ஐப்பசியில் மொட்டையடித்துக் காது குத்த நினைத்திருக்கிறோம். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. அம்மாவும் போய்விட்டாள். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்வழியில் மிஞ்சியிருப்பது அம்மாவின் தம்பியான நீங்கள் ஒருவர்தான். உங்கள் மடியில்தான் அவள் உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால், மாமா, என் கல்யாணத்துக்குக் கப்பலேறிய நீங்கள், தாலி கட்டி மூன்றாம் நாள் வாடிய மாலையோடு வந்து நின்றீர்கள். இந்தத் தடவையும் குடித்துவிட்டு வந்தால் குழந்தையைத் தரமாட்டேன். அவருடைய பெரியப்பா மடியில் வைத்துவிடுவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் வேலை பார்க்கும் ஹோட்டலில் தங்கியிருந்த ஓர் ஆஸ்திரேலியாக்காரி, குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் கூட்டம் எங்கே நடக்கிறது என்று கேட்டாள். விசாரித்துச் சொன்னேன். அப்போதுதான் தெரிந்தது, அங்கே லம்பாசாவில், நசியாவிலும் ஒன்று இருக்கிறதாம். சனிக்கிழமை மத்தியானம், பள்ளிக்கூடத்து அறையில். எழுந்து பெயரைச் சொல்லி, நான் குடிகாரன் என்று சொன்னால் போதுமாம். அங்கே கேட்டதை யாரும் வெளியில் பேசமாட்டார்களாம். ஒரு தடவை போய்ப் பாருங்கள், மாமா.

உங்கள்
உர்மிளா

ட்ரெகேட்டி
18-3-1984

ஃபிஜியின் வனுவா லெவுத் தீவின் நெற்களஞ்சியமாம் ட்ரெகேட்டியிலிருந்து, கொஞ்சம் வயலுக்கும் ஒரு கிழட்டு எருதுக்கும் சக்கரவர்த்தியாகிய அப்பல்சாமி தன் மருமகளுக்கு அனுப்பும் ஓலை. நான் நலம். எருது நலம். உன் அத்தை எங்கள் இருவரையும்விட நலம்; அதுதான் எங்கள் கவலை.

தமிழில் எழுதினாயே, கெட்டிக்காரி. இந்தப் பக்கத்தில் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் நாலே பேர். அதில் இருவருக்குக் கண் தெரியாது, ஒருவர் செத்துப்போனார். ஹிந்தியில் எழுதியிருந்தால் உன் அத்தை படித்துவிட்டு ஊதியிருப்பாள். சத்தம் சமோவாவில் கேட்டிருக்கும்.

அது சரி, குடிகாரன் என்று யாரைச் சொன்னாய்? வருஷா வருஷம் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி, பத்து நாள் கோயிலிலேயே படுத்து, ஒரு சொட்டுத் தொடாமல் தீ மிதிக்கிற இந்த அப்பல்சாமியையா? போன வருஷம் குழியில் நெருப்பு எப்படி இருந்தது தெரியுமா? மேலே பறந்த கொக்கு வெந்து விழுந்தது. விரதமில்லாதவர்கள் சாப்பிட்டுவிட்டு உப்பு கொஞ்சம் குறைவு என்றார்கள். பத்து நாள் விடத் தெரிந்தவன் குடிகாரனா? பதினோராம் நாள் ஒரு வாய் ரம் குடிப்பது நெருப்பில் நடந்த காலுக்குக் குளிர்ச்சி. வைத்தியம்.

உன் கல்யாணத்தன்று நடந்ததற்கும் நான் பொறுப்பில்லை. கப்பலுக்குள் பார் வைத்தது நானா?

மடி என்னுடையது. எழுதி வைத்துக்கொள். பெரியப்பா வேண்டுமானால் பக்கத்தில் நின்று விசிறட்டும்.

இப்படிக்கு, கொக்கு சாட்சியாக,
மாமா

மார்டின்டார்
8-4-1984

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். நாங்கள் நலம். குழந்தைக்குச் சளி பிடித்துவிட்டது, இப்போது தேவலை. அவருடைய டாக்சி ஒரு வாரமாக ஓடவில்லை, எங்கேயோ இடித்து முன்விளக்கு உடைந்துவிட்டது. அவர் நலம்.

நீங்கள் தீ மிதிப்பதை நான் குறை சொல்வேனா? அந்தப் பத்து நாளும் உங்களை அம்மன் பார்த்துக்கொள்கிறாள். மற்ற நாளெல்லாம் அத்தைதானே பார்த்துக்கொள்கிறாள்? அவளுக்கு யார் காப்புக் கட்டினார்கள்?

பெரியப்பாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஒரே ஒரு சனிக்கிழமை போங்கள். அத்தைக்கு என் அன்பு.

உர்மிளா

ட்ரெகேட்டி
6-5-1984

சௌபாக்கியவதி உர்மிளாவுக்கு, மாமாவின் ஆசி. உயிர் நலம். மானம் நசியாவில் கிடக்கிறது. யாராவது மிதிப்பதற்குள் போய் எடுத்துவர வேண்டும்.

போனேன். நீ சொன்னதற்காக அல்ல. அப்படி ஒரு கூட்டம் உலகத்திலேயே கிடையாது என்று நிரூபிப்பதற்காக. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில், எல்லோருக்கும் கரைத்துக் குடிக்க நங்கோனா வேர்க்கட்டு. நாம் எந்தக் கூட்டத்துக்கு வெறுங்கையோடு போயிருக்கிறோம்? நம்மவர் சங்கத்து மாநாட்டில் என்னைப் பேசவிட்டிருந்தால் பேசியிருக்கக்கூடிய ஒரு பேச்சையும் மனப்பாடம் செய்திருந்தேன்.

பெயர்ப்பலகை இல்லாத கூட்டத்தை எப்படி விசாரிப்பது, நீயே சொல். "இந்தக் குடிகாரங்க எல்லாம் எங்கே கூடுறாங்க?" என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டேன். ஆளுக்கொரு பாரைக் காட்டினார்கள். எல்லாவற்றுக்கும் எனக்கு ஏற்கெனவே வழி தெரியும்.

பள்ளிக்கூடத்தில் ஓர் அறை நிறைய ஆட்கள். இத்தனை பேரா என்று என் நெஞ்சு குளிர்ந்தது. பேச்சு ஓய்ந்த ஒரு கணம் பார்த்து எழுந்தேன். சகோதரர்களை நோக்கிக் கை கூப்பினேன். "பாயி லோக்! என் பேரு அப்பல்சாமி. நான் ஒரு குடிகாரன்!" என்று கூரைத் தகரம் அதிர முழங்கினேன்.

முன் வரிசையிலிருந்து ஒருவன், "ஹம் லோக் ஜான்தா, பைட்டோ!" என்றான். எங்களுக்குத்தான் தெரியுமே, உட்கார் என்கிறான், தடியன். இன்னொருவன், "அது இருக்கட்டும், உன் கரும்பு எத்தனை டன்? அதச் சொல்லு" என்றான். "அவன் நெல்லுக்காரன்யா, இங்க அவனுக்கு என்ன வேல?" என்றான் மூன்றாமவன்.

கரும்பு விவசாயிகள் கூட்டம், உர்மிளா. ஆலை எந்த வாரம் அரைக்கத் தொடங்கும் என்று அடித்துக்கொண்டிருந்தவர்கள் நடுவே போய் என் வாழ்நாள் ரகசியத்தைச் சொல்லியிருக்கிறேன். அதில் ஒருவனுக்குக்கூட அது ரகசியமாக இல்லை என்பதுதான் எனக்கு உறைத்தது. எழுந்த சிரிப்பில் ஆலைச் சங்கே வாயடைத்துப் போயிருக்கும்.

வேட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். பின்னால் ஒருவர் வந்தார். நல்லது கெட்டதுக்கு ஊரே முதலில் கூப்பிடும் ஆள். தலையில் வெள்ளைத் தொப்பி.

"அரே அப்பல்சாமி, நில்லு. கதவுதான் தப்பு. அடுத்த கதவு."

"எனக்கு எந்தக் கதவும் வேணாம், விடுங்க."

"இன்னிக்கி அது முடிஞ்சிருச்சி. வர்ற சனிக்கிழமை வா. நான் இருப்பேன்."

நான் இருப்பேன் என்றார், உர்மிளா! அவர்! அவர் தேநீர் டம்ளரைத் தூக்கினால்கூட முதலில் ஆண்டவன் பெயரைச் சொல்கிறவர். பஸ் போய்விட்டது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

தொப்பி என்றா எழுதினேன்? அடித்துவிடு. தலையில் ஏதோ இருந்தது, அவ்வளவுதான்.

மாமா

மார்டின்டார்
20-5-1984

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். நான் சிரிப்பதைப் பார்த்து மோகினி பயந்து அழுதுவிட்டாள். அவள் அதைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. நாங்கள் நலம். அவர் நெற்றியில் சின்னக் காயம், கதவில் இடித்துக்கொண்டார். நலம்.

அந்த மனிதர் யார், மாமா? நீங்கள் ஊரில் யார் வீட்டுக் கோழி எங்கே முட்டையிடுகிறது என்றுகூட எழுதுகிறவர். இதைச் சொல்லாமல் இருக்க உங்களால் முடியாது, தெரியும்.

இன்னொன்று. முதல் தடவை ஒருவர் தானாகத்தான் வர வேண்டுமா, வேறு யாராவது கூட்டிக்கொண்டு போகலாமா? வர மறுக்கிறவரை என்ன செய்வது? அந்த ஆஸ்திரேலியாக்காரி கேட்டாள்.

அத்தை நலமா?
உர்மிளா

ட்ரெகேட்டி
17-6-1984

உர்மிளா, நான் நலம். அத்தை நலம். இன்றைக்குச் சக்கரவர்த்தி இல்லை, ஓலை இல்லை.

சரியான கதவைத் திறந்தேன். வட்டமாகப் போட்ட சின்னப் பிள்ளைகளின் நாற்காலிகள். அதில் பெரிய ஆட்கள், முழங்கால் காதுவரை ஏற, உட்கார்ந்திருக்கிறார்கள். ஆலையில் கோட்டுப் போட்டுக்கொண்டு உத்தரவு போடுகிறவர் ஒருவர். அவர் பக்கத்தில் அவருடைய லாரியைக் கழுவுகிறவன். ஃபிஜிக்காரர் ஒருவர், அவர் உட்கார்ந்ததும் வாசல் வெளிச்சமே நின்றுபோனது, அவ்வளவு ஆகிருதி. இரண்டு பெண்கள். என் வேர்க்கட்டை வாங்கி மரியாதையாக மூலையில் வைத்துவிட்டுத் தேநீர் கொடுத்தார்கள்.

தலைவர் யார் என்று கேட்டேன். இல்லை என்றார்கள். செயலாளர்? இல்லை. தேர்தல்? எதற்கு என்றார்கள்! உர்மிளா, நானும் பிறந்ததிலிருந்து சங்கத்தில் இருக்கிறேன். நம்மவர் பத்துப் பேர் கூடினால் பதினைந்து தலைவர் இருப்பார்கள். மாலை யாருக்கு முதலில் என்று நாற்காலி பறப்பதைப் பார்த்திருக்கிறேன், பறக்கவும் விட்டிருக்கிறேன். இங்கே மாலையே இல்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசவில்லை. இதை நான் கொக்குக் கதை போலச் சொல்கிறேன் என்று நினைக்காதே. அம்மன்மேல் ஆணை.

அந்த ஃபிஜிக்காரர் பேசினார். என்ன பேசினார் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. பேசிக்கொண்டே அழுதார். ஒரு மலை அழுதால் எப்படி இருக்கும்? யாரும் தட்டிக்கொடுக்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை, யாரும் புத்தி சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்கள். முடித்ததும் நன்றி என்றார்கள். குடித்துக் கெட்ட கதையைச் சொன்னதற்கு நன்றி!

பிறகு என் பக்கம் திரும்பினார்கள். மாநாட்டுப் பேச்சு முழுவதும் தொண்டையில் இருந்தது. எழுந்தேன். தீக்குழியில் இறங்கும்போது எனக்கு மேளம் இருக்கும், மஞ்சள் வேட்டி இருக்கும், ஓம் சக்தி என்று ஆயிரம் குரல் பின்னாலிருந்து தள்ளும். இங்கே நாற்காலி கிறீச்சிட்ட சத்தம் மட்டும். காலடியில் நெருப்பைவிட அந்த சிமெண்ட் தரை சுட்டது. பெயரைச் சொன்னேன். அடுத்ததைச் சொன்னேன். அதற்குமேல் எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. எனக்கு!

தொப்பி... தலையில் ஏதோ வைத்திருந்தவர் மட்டும் மெதுவாக, "இன்னிக்கி ஒரு நாள் போதும், அப்பல்சாமி. நாளைக்கி உள்ளத நாளைக்கிப் பாக்கலாம்" என்றார். பத்து நாள் விரதம் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு நாள் விரதம், தினமும் புதிதாகக் காப்புக் கட்டிக்கொள்வது, இதை யார் கண்டுபிடித்தார்கள்?

அவர் யார் என்று கேட்டாய். சொல்லமாட்டேன். இந்தக் கடிதத்தை மடித்து வைத்துக்கொள். உன் மாமா சொல்லாமல் விட்ட முதல் விஷயம் இதுதான்.

ஆஸ்திரேலியாக்காரிக்குச் சொல்: வர மறுக்கிறவரை இழுத்துக்கொண்டு போக முடியாதாம். ஆனால் பக்கத்தில் நடக்கலாமாம்.

மாமா

மார்டின்டார்
26-8-1984

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். நீங்களும் அத்தையும் நலம்தானா? உங்கள் ஜூன் கடிதத்துக்குப் பிறகு இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். ஒன்றுக்கும் பதில் இல்லை. தீமிதி முடிந்திருக்கும். கால் சுட்டுவிட்டதா? மோகினிக்குப் பல் முளைத்துவிட்டது. அவரும் நலம்.

ஐப்பசி நெருங்குகிறது. பெரியப்பா, தான் மடியில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டனுப்பினார். பதில் சொல்லாமல் வைத்திருக்கிறேன். ஒரு வரி எழுதுங்கள், மாமா. பொய்யாக இருந்தாலும் சரி.

உர்மிளா

ட்ரெகேட்டி
9-9-1984

உர்மிளாவுக்கு,

தீ மிதித்தேன். கால் சுடவில்லை. பத்து நாளும் அம்மன் பார்த்துக்கொண்டாள். அந்தப் பத்து நாளில் நசியாவுக்குப் போகவில்லை. அம்மன் இருக்கும்போது அவர்கள் எதற்கு என்று நினைத்தேன். பதினோராம் நாள் காப்பை அவிழ்த்ததும் குடித்தேன். நிறுத்தவில்லை. உன் கடிதங்களை ஜான்கிதான் என் தலைமாட்டில் வைத்தாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் உறையைத் தடவிப் பார்த்து அழுதாள்.

நேற்று நசியாவுக்குத் திரும்பிப் போனேன். வாசலிலேயே நின்றேன். அந்தச் சின்ன நாற்காலி ஒன்றைக் காலியாக வைத்திருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. தேநீர் கொடுத்தார்கள். நேற்று குடிக்கவில்லை. இன்றும் இதுவரை இல்லை.

மடியைப் பெரியப்பாவுக்குக் கொடுப்பதென்றால் கொடு. நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

மாமா

மார்டின்டார்
23-9-1984

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம், குழந்தை நலம், அவர் நலம். உங்கள் கடிதத்தில் ஒரு பொய்கூட இல்லை. படித்துவிட்டு வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று பயந்துபோனேன். பிறகு அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டிலேயே. பெரியப்பாவிடம், மாமாதான் மடி என்று சொல்லிவிட்டேன். ஆனால் கப்பலில் அந்தப் பார் இருக்கிறதே, மாமா. அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. அத்தையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

உர்மிளா

ட்ரெகேட்டி
4-11-1984

ஏழு கடலில் ஒன்றை நிதானமாகக் கடந்தவனும், மொட்டைத் தலை மோகினியின் சிம்மாசனமுமாகிய அப்பல்சாமி, ஊர் வந்து சேர்ந்து எழுதுவது. நாங்கள் நலம். எருது என்னை அடையாளம் கண்டுகொண்டது. வாடை மாறியதால் முதலில் கொஞ்சம் சந்தேகப்பட்டது.

கப்பல் கதையை நீ கேட்டாய், காதுகுத்து வீட்டுக் கூட்டத்தில் சொல்ல முடியவில்லை. உன் அத்தைக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. ஏறியதும் கண்ணை மூடிப் படுத்துவிட்டாள். ஆனால் ஏறுவதற்கு முன்பே, நம்போவாலுத் துறையில் பார்த்தால், லம்பாசாவிலிருந்து பஸ் பிடித்து வந்து, தலையில் ஏதோ வைத்திருப்பாரே, அவர் நிற்கிறார். கையில் ஒரு பை.

"நீங்க எங்கே?" என்றேன்.

"நாந்தியில கொஞ்சம் சாமான் வாங்கணும்" என்றார்.

கரும்பு வெட்டுக் காலத்தில், லாரி வயலில் நிற்கும்போது, எவனாவது சாமான் வாங்கக் கப்பலேறுவானா? கரை மறைந்ததும் பார் கதவைத் திறந்தார்கள். அந்தச் சத்தம் எனக்குக் கோயில் மணி மாதிரி. கால் தானாக எழுந்தது. அவர் என் வேட்டி நுனியைப் பிடித்தார். "உக்காரு. ரெண்டு பேர் இருந்தா அது கூட்டந்தான்."

கயிற்றுச் சுருள்மேல் கடலைப் பார்த்து உட்கார்ந்தோம். என்னோடு எத்தனையோ வருஷம் பழகிய மனிதர், முன்பின் தெரியாதவரிடம் சொல்வதுபோலத் தன் பெயரைச் சொன்னார். பிறகு அந்த வார்த்தையைச் சொன்னார். நான் என்னுடையதைச் சொன்னேன். சுற்றிலும் தண்ணீர். அவ்வளவு பெரிய கூடத்தில் நான் எந்த மாநாட்டிலும் உட்கார்ந்ததில்லை, உர்மிளா. அந்தக் கடல் முழுவதும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தது. மறுகரை வரும்வரை பேசினோம்.

உன் வாசலில் நின்று, சாப்பிட மட்டும் வந்துவிட்டு, யாரென்று சொல்லாமல் போனாரே, அவர்தான். நாந்தி முழுக்கச் சுற்றி அவர் வாங்கிய சாமான், ஒரு பாக்கெட் தையல் ஊசி.

தட்டார் காதில் ஊசி வைத்தபோது மோகினி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, மூக்கை என் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். விலகவில்லை. அவள் போட்ட கூச்சலில் விமானம் ஒன்று இறங்காமல் திரும்பிப் போனது, நீயே பார்த்தாய். ஆனால் விலகவில்லை.

இனி நான் எழுதப்போவதை நீ எனக்கு எழுதவே இல்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

மாப்பிள்ளை நாகையா என்னை வரவேற்றபோது அவர் வாயில் ஏலக்காய் மணந்தது. காலை ஆறு மணிக்கு ஏலக்காய் மெல்வதைக் கண்டுபிடித்தவனே நான்தான். வாழையிலை அறுக்கக் கத்தி தேடி டாக்சியின் பின்பெட்டியைத் திறந்தேன். உதிரிச் சக்கரத்துக்குள் ஒரு பாட்டில். நல்ல இடம். எனக்குத் தோன்றியதில்லை. உடைந்த முன்விளக்கு, கதவில் இடித்த நெற்றி, எல்லாம் சேர்த்துப் படித்துக்கொண்டேன். அந்த ஆஸ்திரேலியாக்காரிக்கு மோகினி என்று ஒரு மகள், டாக்சி ஓட்டுகிற ஒரு புருஷன். சரிதானே? அவருக்காகத் தேடப்போய்த்தான் என் கதவையும் கண்டுபிடித்தாய்.

மாப்பிள்ளையிடம் எதுவும் சொல்லாதே. திட்டாதே. பாட்டிலைக் கொட்டாதே, அத்தை கொட்டினாள், பலன் தெரியும். எவராலும் அவரை இழுத்துக்கொண்டு போக முடியாது. ஆனால் தப்பான அறையில் நுழைந்து எல்லோரும் சிரிக்க ஓடிவருவதற்குக்கூட ஒரு துணை இருந்தால் நல்லது. அந்த வேலையில் உன் மாமாவுக்கு நிகர் பசிபிக் சமுத்திரத்திலேயே கிடையாது.

நாற்று நடும் நேரம்தான். எருது பார்த்துக்கொள்ளும். நீ சரி என்று எழுதினால் அடுத்த கப்பலில் வருகிறேன். மாப்பிள்ளை ஏன் என்று கேட்டால் சொல்: மாமாவுக்கு நாந்தியில் கொஞ்சம் சாமான் வாங்க வேண்டியிருக்கிறதாம்.

மாமா

மார்டின்டார்
11-11-1984

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நானும் மோகினியும் நலம். காது ஆறிவிட்டது.

அவர் நலமில்லை, மாமா.

நாந்தியில் எல்லாக் கடைகளும் திறந்திருக்கின்றன. வாருங்கள்.

உர்மிளா